ஏழாம் நம்பருக்கு, மைக் இல்லாமல்

பாப்பா,

"கல்யாண மண்டபத்துல மைக்கை மட்டும் தொடாதீங்கப்பா" என்று போன வாரம் நீ சொன்னாய். சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடியே, ரசத்துக்கு உப்பு கம்மி என்று சொல்வது போலச் சொன்னாய். உன் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான் "சரிம்மா" என்றேன். பண்டமாரான் திடலில் தீபாவளிக் கிண்ணக் கால்பந்துப் போட்டி நடந்தாலும் சரி, கிள்ளானில் ஒன்பது பேர் ஆட்டம் நடந்தாலும் சரி, "மைக்கை அண்ணன்கிட்ட குடுங்க லா, அப்பதான் சூடு பிடிக்கும்" என்று வர்ணனை சொல்லக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு, பெற்ற மகள் கல்யாணத்தில் மைக் கிடையாது. இது அநியாயம் என்று நினைத்திருந்தால் நான் உன்னிடமே நேரில் சத்தம் போட்டிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியாததா. நியாயம் என்று தெரிந்துவிட்டதால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறதம்மா.

போர்ட் கிள்ளான் கிடங்கில் சரக்கு தூக்கும் போர்க்லிஃப்ட் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகியவன் நான். மெதுவாகப் பேசுங்கள் என்றால் மூச்சு முட்டும். நீ கல்லூரியில் சேர்ந்து கூடைப்பந்து அணியில் இடம் பிடித்ததும் பெற்றோர்களும் பழைய மாணவர்களும் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். கல்லூரியின் கால்பந்துப் பையன்களுக்கும் கூடைப்பந்துப் பெண்களுக்கும் இருந்த ரசிகர் கூட்டம் அதுதான். நான் சும்மா இருப்பேனா? சீசன் தொடங்கும் முன்னும், பெரிய ஆட்டங்களுக்கு முன்னும், நம் அணி தேறுமா தேறாதா என்று குரல் பதிவு போட ஆரம்பித்தேன். கால்பந்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூடைப்பந்தில் ஒரு மண்ணும் தெரியாது. நீதான் இதே மேசையில் சீனி டப்பா, சம்பல் பாட்டில், உப்பு ஜாடி எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, "இது நான், இது கவிதா. இவ வந்து மறைச்சு நிப்பா, நான் இந்தப் பக்கம் வெட்டி உள்ள போயிடுவேன்" என்று சொல்லிக் கொடுத்தாய். மறுநாள் அதையே நான் கண்டுபிடித்தது போலக் குழுவில் எடுத்துவிடுவேன். "அண்ணே, நீங்க கோச்சா போயிருக்கணும்" என்பார்கள். நீ கேட்டுவிட்டு, "அப்பா, அது நான் சொன்னது லா" என்று சிரிப்பாய். அப்போது உனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நான் சொல்லித் திரிவது உனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

போன வருஷம் உன் கடைசி சீசன். அரையிறுதிக்கு முந்தின வாரம் உன்னைக் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கால் சுளுக்கு என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாய். திரும்பி வரும்போது துறைமுகத்துக்குப் போகும் லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம், கார் நகரவே இல்லை. அப்போதுதான் வாயைத் திறந்தாய்.

"அப்பா, இடது முட்டி சரியில்ல. அந்தக் காலை ஊனி வலது பக்கம் வெட்டினா உயிர் போகுது. இடது பக்கம் மட்டும்தான் என்னால போக முடியும்."

"கோச்கிட்ட சொன்னியா?"

"சொன்னா உக்கார வெச்சிடுவாங்க. மாநில டீமுக்கு ஆள் எடுக்கறவங்க இந்த மேட்சுக்குத்தான் வராங்க. இதை விட்டா எனக்கு வேற சான்ஸ் இல்லப்பா. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாகிட்டகூட."

"என் தலையே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். ஒழுங்கான அப்பனாக இருந்தால் அந்தக் காரிலேயே உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். ஆட வேண்டாம், கால் முக்கியம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்குள் இருந்த ரசிகனுக்கு நீ ஆட வேண்டும். ஏழாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு நீ உள்ளே இறங்க, மாநில அணிக்காரர்கள் உன்னைப் பார்க்க, நான் மேலே நின்று கத்த வேண்டும். அதனால் மாத்திரையைச் சாப்பிட்டுத் தூங்கு என்று சொல்லிவிட்டுக் காரை ஓட்டினேன்.

மூன்றாம் நாள் குழுவில் ராஜு அண்ணன் என்னைச் சீண்டினார். கால்பந்து அணிக் கோல்கீப்பரின் அப்பா, உனக்குத் தெரியும், எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்பவர். "மக ஆடற டீம்னா தூக்கி வெச்சுப் பேசுவீங்க. உங்க கணிப்பு எல்லாம் பாசம் லா, ஆட்டம் இல்ல" என்று எழுதினார். நாலு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து பாரபட்சம் என்கிறானா? சாப்பாட்டு நேரம், கிடங்குக்கு வெளியே நின்றபடி போனை வாயருகே வைத்து அமுக்கினேன். பேசியதை மறுபடி எழுத என் கை கூசுகிறது. ஆனால் எழுதினால்தான் புத்தி வரும். "கேட்டுக்குங்க. நான் நடுநிலை ஆள். என் மகளா இருந்தாலும் உள்ளதைத்தான் சொல்வேன். நம்ம கால்பந்து பசங்க இந்த வருஷம் கோப்பையைத் தூக்கறாங்க, எழுதி வெச்சுக்குங்க. கூடைப்பந்துக்கு வாய்ப்பு இல்ல. ஏன்? உள்ளே இருந்து வந்த செய்தி. ஏழாம் நம்பருக்கு இடது முட்டி போச்சு. வலது பக்கம் திரும்பவே முடியாது. இடது பக்கத்தை அடைச்சிட்டா ஆட்டம் முடிஞ்சது." அவ்வளவுதான். குழுவில் கட்டை விரல் பொம்மை போட்டார்கள். "அண்ணன் நேர்மையான ஆள்" என்று ராஜுவே போட்டார். அதைப் படித்துவிட்டு நான் திருப்தியாக மீன் கறியைச் சாப்பிட்டேன்.

ஆட்டத்தன்று தொண்டைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து பேர் இறங்கினார்கள், நீ இல்லை. சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். முதல் கால் பகுதி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. நீ இறங்கவே இல்லை. எனக்கு மண்டை சூடாகிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். "கோச்! கண்ணு தெரியலையா? ஏழாம் நம்பரை இறக்கு லா!" தமிழில் கத்தினேன், மலாயில் கத்தினேன், தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். சுற்றி உட்கார்ந்திருந்த நம் குழுக்காரர்கள் யாரும் என்னோடு சேர்ந்து கத்தவில்லை. ராஜு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத அங்கிள் சத்தம் போடுகிறார் என்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். நம் அணி தோற்றது. நான் கார் நிறுத்துமிடம் வரை கோச்சைத் திட்டிக்கொண்டே போனேன்.

அங்கேதான் கவிதா என்னை நிறுத்தினாள். உன் கூட்டாளிப் பெண், என் முன்னால் குரலை உயர்த்தாதவள். அழுதுகொண்டே பேசினாள். "அங்கிள், உங்க ஆடியோ எதிர் டீம் வரைக்கும் போயிடுச்சு. ஆட்டத்துக்கு முன்னாடி யாரோ எங்க கோச் லிம்முக்கும் அனுப்பிட்டாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது இல்ல? என்ன சொல்றாருன்னு உங்க மககிட்டயே போனைக் குடுத்துக் கேட்டாங்க. இவ ஒரு வார்த்தை விடாம இங்கிலீஷ்ல சொன்னா, அங்கிள். மாத்திச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மாத்தவே இல்ல." நான் காரில் சாய்ந்து நின்றேன். நான் சொன்ன சொல்லை, உன்னை உட்கார வைக்கப் போகும் சொல்லை, உன் வாயாலேயே நீ கோச்சுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாய். அந்த நேரத்தில் நான் வெளியே மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் செய்தது அதைவிடக் கேவலம். உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. சாக்கு தேடினேன். "நல்லதுக்குத்தான் நடந்தது. ஆடியிருந்தா முட்டி மொத்தமா போயிருக்கும்" என்று உன் மாமா ஆறுதலாகச் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் எல்லாம், கேட்காதவர்களிடமும், மகள் காலைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று சொல்லித் திரிந்தேன். உன் காதில் விழும்படியும் சொன்னேன். பொய்யம்மா. அந்த வெயிலில் போனை அமுக்கியபோது உன் கால் என் நினைவிலேயே இல்லை. ராஜு வாயை அடைக்க வேண்டும், எனக்குத்தான் உள்விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டும், அதுதான் இருந்தது. உன் கால் தப்பியது கோச் லிம் செய்த நல்ல காரியம். அதில் எனக்குப் பங்கு இல்லை. கோப்பையைத் தூக்கும் என்று நான் அடித்துச் சொன்ன கால்பந்து அணி அடுத்த ஆட்டத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. அந்தக் கணிப்பாளனின் பேச்சைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாய், கார் சாவி எங்கே என்று கேட்பாய். ஆனால் மேசையில் சீனி டப்பா அதன் இடத்திலேயே இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் உனக்கு வேலை கிடைத்தது உன் அம்மா சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளை பிரவீன் விஷயமும் அப்படித்தான். "அப்பாகிட்ட கடைசியா சொல்லுங்கம்மா, க்ரூப்ல போட்டுடுவாரு" என்று நீ சமையலறையில் சொன்னது முன்னறையில் எனக்குக் கேட்டது. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பிரவீன் வீட்டார் அவர்கள் ஊரான மேருவிலிருந்து பேசி முடிக்க வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எனக்குச் சாகும்வரை மறக்காது. நான் உள்ளே பானம் கலக்கிக்கொண்டிருந்தேன். பிரவீனின் அம்மா உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வெள்ளை மனசோடு கேட்டார். "கூடைப்பந்து ஆடற பொண்ணுன்னு பிரவீன் சொன்னான். ஏழாம் நம்பருக்கு முட்டி போச்சுன்னு ஒரு ஆடியோ எங்க க்ரூப்புக்கும் வந்துச்சு. அது நீதானாம்மா? இப்ப எப்படி இருக்கு? பேசினவரு யாரோ தெரியல, ரேடியோ மாதிரி கணீர்னு பேசினாரு." என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆமா ஆன்டி, நான்தான். இப்ப பரவால்ல" என்றாய். நான் தட்டோடு வெளியே வந்தேன். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "சம்பந்தி பேசவே மாட்டாரா?" என்று அவர் சிரித்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமலேயே, "அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு ஆன்டி" என்றாய்.

காரில் நீ சொன்ன ஒரு சொல்லை என்னால் மூன்று நாள் காக்க முடியவில்லை. நீ என்னை அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் போனபின் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வயது ஐம்பத்தெட்டு, பார்த்துக்கொள். அந்த அம்மாவிடம் இன்றுவரை நான் பாதிக் குரலில்தான் பேசுகிறேன். மைக்கில் வரும் என் குரல் வேறு. மண்டபத்தில் அது வெளியே வந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மைக்கைத் தொடாதீங்க என்று நீ சொன்னது என் வாய்க்குப் பயந்தா, இல்லை என் மானத்தைக் காப்பாற்றவா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாணத்துக்கு நிற்கிற மகளுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன தகுதி? தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரவீன் ஒருநாள் காரிலோ படுக்கையிலோ எதையாவது மனம் விட்டுச் சொல்வான். வேலையில் பட்ட அவமானமாக இருக்கலாம், அவன் அம்மாமேல் கோபமாக இருக்கலாம். அது உன்னோடு இருக்கட்டும். நான் எவ்வளவு நியாயமானவள் பார் என்று ஊருக்குக் காட்ட அவனைத் தூக்கிக் கொடுத்துவிடாதே. வீட்டு ஆளைக் குறை சொல்லித்தான் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்றால் அந்தப் பெயர் வேண்டாம். உனக்கு இது தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது என்று முதலில் வருத்தப்பட்டேன். இப்போது நிம்மதியாக இருக்கிறது.

புது சீசன் வருகிறது. "அண்ணே, கணிப்பு எங்கே?" என்று குழுவில் நச்சரிக்கிறார்கள். வாய் அரிக்கிறது, பொய் சொல்வானேன். கால்பந்தில் பின்வரிசைப் பையன்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். பந்திங்கிலிருந்து வந்திருக்கும் புதுப் பையன் நன்றாக ஓடுகிறான், ஆனால் இடது காலை நிற்பதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறான். மழை பெய்த திடலில் பின்னாலிருந்தே சின்னச் சின்னப் பாஸாகக் கொண்டு வரச் சொல்கிறார் கோச், அது நடக்கிற காரியமா? காலிறுதி தாண்டினால் பெரிது. பெண்கள் அணி அப்படி இல்லை. உயரம் இருக்கிறது, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் கெட்டிக்காரிகள், கவிதாவின் தங்கை தூரத்திலிருந்து போடுவது விழ ஆரம்பித்தால்... பார், தொடங்கிவிட்டேன். இதெல்லாம் உன்னிடம் மட்டும். குழுவிலிருந்து விலகிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். விலகினால் ஏன் என்று கேட்பார்கள், நான் விளக்கம் சொல்வேன், அந்த விளக்கம் மறுபடியும் உன் கதையாகத்தான் இருக்கும். அதனால் சும்மா இருக்கிறேன்.

முந்தாநாள் பழைய மாணவிகள் ஆட்டத்துக்கு உன்னைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். "கல்யாணப் பொண்ணு காலை உடைச்சிக்கிட்டு மணவறையில உக்காரப் போறியா?" என்று உன் அம்மா கத்தியதைக் கேட்டும் நீ கிளம்பினாய். காரில் நீ முட்டிக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாய், நான் சாலையைப் பார்த்தேன். மேலே கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன், எதிர்ப்பக்கம் ஆடுகிறவளின் அண்ணன் போல. என்னை அடையாளம் தெரியவில்லை. "அங்கிள், அந்த ஏழாம் நம்பர் எப்படி? வலது பக்கம் போகுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியும். நீ குதித்துத் தரை இறங்கும்போது இன்னும் இடது காலை முழுசாக ஊன்றுவதில்லை, முதல் நிமிஷமே பார்த்துவிட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. "தெரியாது, பாஸ்" என்றேன். ஆட்டம் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. இதையும் உன்னிடம் பீற்றிக்கொள்கிறேன் பார், என் புத்தி.

இந்தக் கடிதத்தை அந்தக் குழுவிலேயே போட வேண்டும் என்றுதான் தொடங்கினேன். எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதானே முறை? எழுதும்போதுதான் உறைத்தது, இதுவும் உன் முட்டி, உன் மாநில அணி, உன் மாமியார். பிரவீன் அம்மாவிடம் அந்தக் குரல் என்னுடையதுதான் என்று சொல்லிவிட ஆசை. ஆனால் சொன்னால், என் தொண்டைக்காக நீ சொன்ன பொய்யும் வெளியே வரும். அதையும் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஆகவே இதை உன்னிடம் மட்டும் கொடுக்கிறேன். கிழித்துப் போட்டாலும் சரி. உன்னைத் தவிர வேறு யாராவது இதைப் படித்தார்கள் என்றால், அது நீயாக அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நின்று கும்பிடுவேன். ஏன் பேசவில்லை என்று கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன், நீ சொல்லிக் கொடுத்ததுதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன், பாப்பா. மேருவுக்குப் போனபின் என்றைக்காவது எனக்குப் போன் செய்து ஏதாவது ஒன்று சொல். முக்கியமானதாக இருக்க வேண்டாம். என்ன சமைத்தாய், முட்டி வலிக்கிறதா, எதுவானாலும் சரி. உன் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

அப்பா